மரணசாதனத்துல ஆரப் பொறுப்பாப் போடுற? மட்டக்களப்புப் பக்கத்து ஆக்கள் என்னட்டக் கேட்ட கேள்வியள்

எங்கட மாமா, அம்மாட தம்பி, சாகிறதுக்கு முதல் எழுதின மரணசாதனத்துல, அதாவது உயில்ல, என்னத்தான் பொறுப்பாப் போட்டிருந்தார். மூண்டு வருசமும் சொச்ச மாசமும் அதோட மாரடிச்சன். அது முடிஞ்ச நாள்ல இருந்து சொந்தக்காரர், கூடப் படிப்பிச்ச டீச்சர்மார், கோயிலடியில காணுற ஆக்கள் எண்டு கிழமைக்கு ஒராளாவது ஏதாவது கேட்டுக்கொண்டு வாறாங்க, சொன்னதையே திருப்பிச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் ஒருக்கா எழுதி வச்சிட்டன். நான் லோயர் இல்ல, ரிட்டயர்ட் கணக்கு டீச்சர். சட்டத்துல எனக்குத் தெரிஞ்சத சொல்லுறன், மறுகா கையெழுத்து வைக்க முதல் உங்கட லோயரிட்ட ஒருக்காக் கேளுங்க.

எக்சிக்கியூட்டர் எண்டுறாங்க, டிரஸ்டி எண்டுறாங்க, ரெண்டும் ஒண்டா?

இல்ல. எக்சிக்கியூட்டர், சட்டத் தமிழ்ல நிறைவேற்றுநர், நீங்க செத்த பிறகு சொத்தையெல்லாம் ஒரு இடத்துக்குச் சேர்த்து, கடனக் கட்டி, எழுதினபடி பிரிச்சுக் குடுத்திட்டு, கோட்டுக்கு (நீதிமன்றத்துக்கு) கணக்குக் காட்டிட்டுப் போற ஆள். வேலை முடிஞ்சா அவரும் முடிஞ்சார். டிரஸ்டி, நம்பிக்கைப் பொறுப்பாளர், அப்பிடி இல்ல, அவர் சொத்தத் தன்ட பேரில வச்சுக்கொண்டு இன்னொராள்ட நன்மைக்காக வருசக்கணக்கா நடத்திக்கொண்டு இருக்கணும். இதுக்கு 1917ன் 9ம் இலக்கக் கட்டளைச் சட்டம் எண்டு தனியா ஒண்டு இருக்கு.

உதாரணத்துக்கு உங்கட மகன் ஒராள் சுகமில்லாத புள்ள, தன்னால காசு கணக்குப் பார்க்க ஏலாது எண்டு வைங்க. அவன்ட பேருக்கு அஞ்சு ஏக்கர் வயல எழுதிக் குடுத்தா அது அவனுக்கு நன்மை இல்ல, ஆரோ ஒராள் ஏமாத்தி எழுதி எடுத்திடுவான். அந்த வயல நம்பிக்கைப் பொறுப்பில விட்டு, குத்தகைக் காசில அவன்ட சாப்பாடு மருந்தப் பாருங்க எண்டு எழுதலாம். அப்ப உங்களுக்கு எக்சிக்கியூட்டரும் வேணும் டிரஸ்டியும் வேணும், ஒரே ஆளே ரெண்டும் செய்யலாம், ஆனா முதலாவது வேலைக்குச் சரியான ஆள் ரெண்டாவதுக்கும் சரியா இருப்பார் எண்டு இல்ல. அறுபத்தெட்டு வயசு அண்ணன் மூண்டு வருச வேலையச் செஞ்சு முடிச்சிருவார், உங்கட இருவது வயசு மகன்ட முழு ஆயுசுக்கும் அவர் இருப்பாரா?

சொத்து எல்லாம் வளந்து நல்லா இருக்கிற புள்ளையளுக்கு நேராப் போறதெண்டா டிரஸ்டியப் பத்தி யோசிக்கவே தேவையில்ல.

ஒண்டும் எழுதாம விட்டா என்ன, புள்ளையள் தானே பிரிச்சுக்கொள்ளுங்கள்?

பிரிச்சுக்கொள்ளுங்கள் எண்டுதான் எல்லாரும் சொல்லுற. எழுதாம செத்தா எங்கட ஆக்களுக்குப் பொதுச் சட்டம், அதாவது 1876ன் 15ம் இலக்கக் கட்டளைச் சட்டம், புருசனோ பொஞ்சாதியோ உயிரோட இருந்தா அவருக்குப் பாதி, மிச்சப் பாதி புள்ளையளுக்குச் சமனா. கனபேர் தேசவழமை எண்டு நினைச்சுக்கொண்டு இருக்காங்க, அது வடக்கு மாகாணத் தமிழருக்கு, எங்களுக்கு இல்ல. முந்தி எங்கட பக்கம் முக்குவச் சட்டம் எண்டு ஒண்டு இருந்த, தாய்வழியா மருமக்களுக்குச் சொத்துப் போற வழமை, அதுவும் அந்த 1876 சட்டத்தோட போச்சு. குடியும் (தாய்வழிக் குலமும்) சடங்கும் கோயில்ல இருக்கு, கோட்டுல இல்ல.

எழுதாம விட்டதுல பெரிய கரைச்சல் பங்கு இல்ல, பங்கு சட்டத்துல இருக்கு. ஆர் முன்னுக்கு நிண்டு செய்யுற எண்டதுதான் சண்டை. கோட் ஒராள அட்மினிஸ்ட்ரேட்டரா நியமிக்கும், அதுக்கு ரெண்டு புள்ள போட்டிக்கு வந்தா அப்பாட காணி அஞ்சு வருசம் பத்தையேறிக் கிடக்கும். மரணசாதனம் எழுதினா அந்த ஆள நீங்களே தெரிஞ்செடுக்கிறீங்க, என்னக் கேட்டா எழுதுறதுல பாதிப் பெறுமதி அதுலதான்.

மூத்த மகனத்தானே போடணும்?

ஆர் சொன்ன? அப்பிடி ஒரு சட்டமும் இல்ல.

எங்கட ஊர்க் கோயில்ல வண்ணக்கர், அதாவது கோயில் பொறுப்பாளர், தெரிவு நடக்கிறதப் பார்த்திருப்பீங்க. எந்தக் குடிக்கு முறை, முந்தின கணக்கு சரியா, ஆள் ஒழுங்கா, கடன்காரனா, ஊரில நிக்கிற ஆளா, விடிய விடியக் கூட்டம் போட்டுக் கத்துவாங்க. கோயில்ட உண்டியல் காசுக்கு இவ்வளவு பார்க்கிற ஆக்கள் தன்ட வீடு, வயல், பொஞ்சாதிட நகை, எல்லாத்தையும் பொறுப்புக் குடுக்கிற ஆள நொத்தாரிசுக்கு, அதாவது பத்திரம் எழுதுற லோயருக்கு, முன்னால இருந்து அஞ்சு நிமிசத்துல சொல்லுவாங்க: "பெரியவன்ட பேரப் போடுங்க சேர், மற்றப்படி அவன் கோவிப்பான்." கோவிப்பான் எண்டதுக்காக ஒராள வேலைக்கு எடுப்பாங்களா?

இது மரியாதை இல்ல, வேலை, அதுவும் அலுப்பான வேலை. உங்கட மூத்தவன் அதுக்குப் பொருந்தினா தாராளமாப் போடுங்க. பொருந்தாட்டி ரெண்டாவது மகள், மருமகன், தங்கச்சிட மகன், கூடப் படிச்ச கூட்டாளி, ஆரையும் போடலாம், இரத்த உறவா இருக்கணும் எண்டு இல்ல, சொத்துல பங்கு இருக்கணும் எண்டும் இல்ல. வயசு வந்த, புத்தி சுவாதீனமுள்ள ஆளா இருந்தாச் சரி.

அப்ப எப்பிடிப்பட்ட ஆள்? நேர்மையான ஆள் போதும்தானே?

போதாது. எங்கட மாமாட பெரிய கூட்டாளி ஒராள், பத்து சதம் ஆர்ட்டையும் எடுக்க மாட்டார், ஆனா லைட் பில் எங்க வச்ச எண்டு கேட்டா ஒரு மணித்தியாலம் தேடுவார். அவர எக்சிக்கியூட்டராப் போட்டிருந்தா கோட்டுக்குக் கணக்குக் காட்ட முதல் அவரே படுத்திருப்பார்.

நான் பார்க்கிறது இதுதான். முதல், எழுதுற பழக்கம். ஒரு கொப்பி வச்சு இண்டைக்கு இன்ன செலவு, இன்ன ரிசீட் எண்டு எழுதுற ஆளா? சீட்டுப் பிடிச்ச பொம்புளையள் இதுல கெட்டிக்காரர், சிரிக்காதீங்க, இருவது பேர்ட காச மாசா மாசம் சண்டை இல்லாமக் கணக்குப் பார்த்த ஒரு அக்காவுக்கு ஒரு எஸ்டேட்ட, அதாவது செத்த ஆள்ட சொத்த, கணக்குப் பார்க்கிற பெரிய விசயம் இல்ல. ரெண்டாவது, பொறுமை. ஒரு தவணைக்குப் போனா மற்றத் தவணை ரெண்டு மாசம் கழிச்சு, ஒரு கடிதத்துக்கு நாலு தரம் போகணும், கவுண்டர்ல இருக்கிற ஆள் லீவு எண்டா திரும்பி வரணும், கோவக்காரன் ரெண்டாவது தரத்தோட விட்டிருவான். மூண்டாவது, இல்லை எண்டு சொல்லத் தெரியணும். எட்டுச் செலவு, அதாவது செத்த வீட்டு எட்டாம் நாள் சடங்கு, முடிய முதலே "அப்பா எனக்கு டிரக்டரத் தாறன் எண்டு வாயால சொன்னவர்" எண்டு ஒராள் வருவார். வருவாரு, உங்கட குடும்பத்துலயும் வருவாரு. கடன் கட்டி முடியிறதுக்கு முதல் ஒரு மண்வெட்டியும் வெளிய போகக்கூடாது எண்டு அவர்ட முகத்தப் பார்த்துச் சொல்ல ஏலுமான ஆள் வேணும்.

நாலாவதத்தான் ஒருத்தரும் யோசிக்கிறதில்ல. உங்களோட கொடுக்கல் வாங்கல் இருக்கிற ஆளப் போடாதீங்க. படுவான்கரையில இருக்கிற வயல மச்சான் குத்தகைக்குச் செய்யுறார் எண்டு வைங்க, நல்ல மனுசன், வருசா வருசம் நெல்லு மூட்டை சரியா வரும். அவரையே பொறுப்பாப் போட்டா நாளைக்கு அவர் தன்னட்டயே குத்தகை அறவிடணும், தனக்கே கழிவு குடுக்கணும். அவர் நேர்மையாச் செஞ்சாலும் மற்றப் புள்ளையள் நம்பாது. எங்கட குடும்பத்துலயும் அப்பிடி ஒரு மச்சான் இருந்தார், மாமா அவர விட்டிட்டு என்னப் போட்டார், அதால தப்பினம். மச்சானுக்குக் கோவம், ரெண்டு தீபாவளி எங்கட வீட்ட வரல்ல, மறுகா வந்தார்.

வயசும் பாருங்க. உங்கட வயசில உள்ள ஆள் உங்களோடயே போயிருவார்.

புள்ளையள் எல்லாம் சுவிஸ், கனடா, லண்டன். அங்க இருக்கிற ஒராளப் போடலாமா?

போடலாம், சட்டம் தடுக்காது. ஆனா வேலை இங்க. மட்டக்களப்பு இல்லாட்டி கல்முனை மாவட்ட நீதிமன்றம், காணிப் பதிவகம், பிரதேச செயலகம், ஜிஎஸ் (கிராம சேவகர்), பேங்க், எல்லாத்துக்கும் ஆள் போகணும். வெளியில இருக்கிற ஆள் இங்க ஒராளுக்கு அட்டோனிப் பவர், அதாவது தனக்குப் பதிலாச் செய்யுற அதிகாரப் பத்திரம், குடுத்துத்தான் செய்விக்கணும், அப்ப உண்மையா வேலை செய்யுற ஆள் நீங்க தெரிஞ்செடுக்காத ஒராள்.

இதுல ஒரு பெரிய பிழை ஊரெல்லாம் நடக்குது, கவனமாக் கேளுங்க. அம்மா உயிரோட இருக்கேக்க மகளுக்கோ பேரனுக்கோ அட்டோனிப் பவர் குடுத்திருப்பா, அவ செத்த பிறகும் அந்தப் பேப்பரக் கொண்டுபோய் பேங்க்ல காசு எடுக்கப் பார்ப்பாங்க, காணி எழுதப் பார்ப்பாங்க. குடுத்த ஆள் செத்த அந்த நிமிசத்தோட அந்தப் பவர் செத்துப் போச்சு. அது மரணசாதனத்துக்குப் பதில் இல்ல. "பவர் இருக்குத்தானே, மரணசாதனம் எதுக்கு" எண்டு கேட்ட ஆக்கள் மூண்டு பேரையாவது எனக்குத் தெரியும்.

வெளிநாட்டுப் பாஸ்போட் எடுத்த புள்ளைக்குக் காணி போகுமா எண்டும் கேட்கிறாங்க. 2014ன் 38ம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரசைக்குக் காணி கைமாறுறதக் கட்டுப்படுத்துது, ஆனா நெருங்கின உறவுக்கு வாரிசு வழியாப் போறதுக்கு அதுல விலக்கு இருக்கு, இரட்டைப் பிரசாவுரிமை இருந்தா அந்தத் தலையிடியே இல்ல. எழுத முதலே லோயரிட்ட அந்தப் புள்ளட பிரசாவுரிமையச் சொல்லிருங்க.

எங்களுக்கு பெர்மிட் காணி. அதையும் அவர் பிரிச்சுக் குடுப்பார்தானே?

இல்ல! அம்பாறைப் பக்கத்து ஆக்கள் இந்த ஒரு கேள்விக்காகவே இதப் படிக்கணும். கல்லோயாத் திட்டம், உன்னிச்சைப் பக்கம் எண்டு அரசாங்கம் குடுத்த காணியள், 1935ன் 19ம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ பெர்மிட்டோ அளிப்போ வச்சிருக்கிற காணியள், மரணசாதனத்தால கைமாறாது. நீங்க நொத்தாரிசு முன்னால எத்தின பக்கம் எழுதினாலும் செல்லாது. அதுக்குப் பின்னுரித்தாளர் எண்டு ஒராளப் பிரதேச செயலகத்துல நியமிச்சுப் பதியணும். பதியாமச் செத்தா உயிரோட இருக்கிற புருசன் பொஞ்சாதி அனுபவிக்கலாம், அவருக்குப் பிறகு சட்டத்துல உள்ள வரிசைப்படி போகும். முந்தி அந்த வரிசையில ஆம்புளப் புள்ளைக்குத்தான் முதலிடம், அத 2022ல திருத்திட்டாங்க.

அப்ப மரணசாதனம் எழுதப் போக முதல் உங்கட காணியள ரெண்டாப் பிரிங்க: உறுதிக் காணி, அதாவது சொந்தப் பத்திரம் உள்ளது, மற்றது பெர்மிட் காணி. உறுதிக் காணிக்குத்தான் எக்சிக்கியூட்டர். பெர்மிட் காணிக்கு டிஎஸ் ஒபிஸ், அதான் பிரதேச செயலகம்.

சீதன வீட்டையும் பாருங்க. எங்கட பக்கத்துல மகளுக்குக் கல்யாணத்தோட வீடும் வளவும் நன்கொடை உறுதியா எழுதிக் குடுத்து, தாய் தகப்பன் சீவிய உருத்த, அதாவது சாகும்வரைக்கும் அனுபவிக்கிற உரிமைய, மட்டும் வச்சுக்கொள்ளுற. அது எழுதின அண்டைக்கே மகள்ட சொத்து, உங்கட மரணசாதனத்துல அத மகனுக்கு எழுத ஏலாது. எழுதின ஆள் இருக்கார், ஆர் எண்டு சொல்ல மாட்டன், அவர்ட புள்ளையள் இண்டைக்கும் ஒராளோட ஒராள் கதைக்கிறதில்ல.

ரெண்டு மூண்டு பேரச் சேர்த்துப் போட்டா ஒராள ஒராள் பார்த்துக்கொள்ளுவாங்கதானே?

பார்த்துக்கொண்டேதான் இருப்பாங்க, வேலை நடக்காது. ரெண்டு பேர்ட்ட கையெழுத்து வாங்க ரெண்டு பேரும் ஒரே நாள் லீவு எடுக்கணும். நான் நினைக்கிறது, ஒராள் பொறுப்பு, இன்னொராள் மாற்று. "இவர் எனக்கு முதல் செத்தா, இல்லாட்டி ஏலாது எண்டு சொன்னா, அவர்" எண்டு ஒரு வசனம் எழுதச் சொல்லுங்க. மாற்று ஆள் கட்டாயம். எங்கட பக்கம் 1990 சண்டையிலயும் 2004 சுனாமியிலயும் ஒரே வீட்டுல எத்தின பேர் ஒரே நாள்ல இல்லாமப் போனாங்க எண்டு நான் சொல்லத் தேவையில்ல.

சொத்து பெருசு, யாவாரம் இருக்கு, புள்ளையளுக்குள்ள ஏற்கனவே புகைச்சல் எண்டா ரெண்டு பேர் போடுறதுல நியாயம் இருக்கு, அதுல ஒராள் குடும்பத்துக்கு வெளியில இருக்கட்டும்.

லோயரையே போட்டா? அரசாங்கத்துல ஒரு ஒபிஸ் இருக்காமே?

லோயரப் போடலாம். காசு எவ்வளவு எடுப்பார், எந்தெந்த வேலைக்கு எடுப்பார் எண்டு முதலே கேட்டு எழுதி வாங்குங்க, கூச்சப்படாதீங்க. அவருக்கும் வயசு போகும் எண்டதையும் மறக்காதீங்க.

அரசாங்கத்துல இருக்கிறது பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் திணைக்களம், கொழும்பில. 1922ன் 1ம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால வந்த பதவி. அவர எக்சிக்கியூட்டராவும் டிரஸ்டியாவும் போடலாம், கட்டணம் அறவிடுவாங்க. அதுல இருக்கிற பெரிய நன்மை அந்தப் பதவி சாகாது, மச்சானோட கோவிக்காது, வெளிநாட்டுக்குப் போகாது. சுகமில்லாத புள்ளைக்கு முப்பது நாப்பது வருசம் ஓட வேண்டிய நம்பிக்கைப் பொறுப்பு, நம்பிக் குடுக்க ஒருத்தரும் இல்ல எண்டா நான் அங்கதான் போவன். ஆனா வயல், தென்னந்தோட்டம், மாடு எண்டு தினம் ஆள் பார்க்க வேண்டிய சொத்துக்கு கொழும்பு தூரம், முன்மாரி விதைப்புக்கு உரம் எடுக்க அனுமதிக் கடிதம் வரும்வரைக்கும் மழை காத்துக்கொண்டு நிக்குமா?

மனிசியப் போடலாமா?

ஓம், ஏன் கேட்கிறீங்க? அவவுக்குத்தான் எல்லாம் தெரியும். ஆனா அவவுக்கு ஓடியாட ஏலாத வயசெண்டா மாற்று ஆள இளமையாப் போடுங்க.

நாங்க முஸ்லிம் ஆக்கள், எங்களுக்கும் இது சரிவருமா?

காத்தான்குடியில இருக்கிற என்ட கூட்டாளி டீச்சர் கேட்ட கேள்வி. ஆளத் தெரியிற விசயத்துல நான் மேல சொன்னதெல்லாம் அப்பிடியே பொருந்தும். எழுதாம மௌத்தானா 1931ன் 10ம் இலக்க முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி மார்க்கப் பங்கு. வசிய்யத்து, அதாவது மரணசாதனத்தால எழுதிக் குடுக்கிறது, மூண்டிலொரு பங்குக்கு மேல போகக்கூடாது எண்ட மார்க்கச் சட்டத்தப் பேணுற குடும்பமெண்டா, பங்குக் கணக்குத் தெரிஞ்ச ஒராள் பொறுப்பா இருக்கிற நல்லம், மௌலவியிட்டையும் லோயரிட்டையும் ரெண்டு பேரிட்டையும் காட்டி எழுதுங்க. வக்பு செய்யப் போற, அதாவது மார்க்கத் தருமத்துக்கு எழுதப் போற, சொத்தெண்டா அதுக்கு வேற சட்டம், அதத் தனியாக் கேட்கணும்.

பொறுப்பா வாற ஆள் உண்மையில என்னதான் செய்யுற?

என்ட கதையையே சொல்லுறன். மாமா செத்தது கார்த்திகை மாசம், படுவான்கரையில வயல் விதைச்சு மூண்டு கிழமை. செத்த வீட்டு மூண்டாம் நாளே வயலப் பார்க்கிற முல்லைக்காரர் வந்து தலையச் சொறியுறார், உரத்துக்குக் காசு வேணும் டீச்சர். பேங்க்ல மாமாட காசு இருக்கு, எடுக்க ஏலாது. என்ட பென்சன்ல இருந்து குடுத்து எழுதி வச்சன். எக்சிக்கியூட்டருக்கு அதிகாரம் வாறது மரணசாதனத்துல இருந்துதான், ஆனா கோட் புரோபேட், அதாவது மரணசாதனம் சரி எண்டு குடுக்கிற பத்திரம், தாறவரைக்கும் பேங்க் ஒண்டும் உங்கள நம்பாது, அந்த இடைவெளியில ஆர் கைக்காசப் போடுற எண்டதையும் ஆளத் தெரியேக்க யோசிங்க.

மறுகா மரணப் பதிவு, அதுல பத்துப் பிரதியாவது எடுங்க, நான் நாலு எடுத்திட்டு திரும்பத் திரும்ப அலைஞ்சன். மரணசாதனத்துட மூலப் பிரதிய லோயரிட்டக் குடுத்து மாவட்ட நீதிமன்றத்துல வழக்குப் போடுற, வாரிசுகள்ட சம்மதக் கடதாசி, பேப்பர்ல விளம்பரம், ஆரும் எதிர்ப்பு எண்டு வந்தா அதுக்கு விசாரணை, வராட்டி புரோபேட். சின்ன எஸ்டேட்டுக்கு இந்த வழக்குத் தேவையில்லாமலும் போகலாம், சட்டத்துல ஒரு பெறுமதி எல்லை இருக்கு, அது காலத்துக்குக் காலம் மாறுறது, லோயரிட்டக் கேளுங்க. புரோபேட் வந்தா சொத்துப் பட்டியல் கோட்டுக்குக் குடுக்கணும். பிறகுதான் கடன். மாமாட கடன் எனக்குத் தெரிஞ்சது ரெண்டு, வெளிய வந்தது ஆறு: கதிரறுக்கிற மெசினுக்கு லீசிங், பேங்க்ல அடகு வச்ச நகை, கூட்டுறவுச் சங்கம், உரக்கடை, சீட்டுல எடுத்துக் கட்டாத மிச்சம், ஒரு கைமாத்து. கைமாத்துக்குத் துண்டும் இல்ல சாட்சியும் இல்ல, கேட்ட ஆள் பொய் சொல்லுற ஆளும் இல்ல. குடுக்கிறதா விடுறதா? புள்ளையள் மூண்டு பேரையும் வட்சப்புல ஒண்டாக் கூப்பிட்டுக் கேட்டு, அவங்கட பங்கில இருந்து குடுக்கச் சம்மதம் எண்டு எழுத்தில வாங்கினன். ஒராள் மூண்டு கிழமை பதிலே போடல்ல.

கடன் முடிஞ்ச பிறகுதான் காணிய அவங்கவங்க பேருக்கு எழுதுறது, கடைசியா முடிவுக் கணக்கு. எல்லாத்துக்கும் ஒரு நீலக் கொப்பி, ஒரு பிஸ்கட் டின் நிறைய ரிசீட். மரண வரி எண்டு ஒண்டு முந்தி இருந்த, 1980களில எடுத்திட்டாங்க, அதுக்குப் பயப்படாதீங்க.

பேங்க்ல நாமினி போட்டிருக்கன், அப்ப மரணசாதனம் எதுக்கு?

நாமினி போட்டது நல்ல வேலை, அந்தக் கணக்குக் காசு புரோபேட்டுக்குக் காத்திருக்காம நாமினிட கைக்குப் போகும். வேலை செய்யுற ஆக்கள்ட நிதியளான ஈபிஎப், ஈடிஎப்புக்கும் அப்பிடி ஒராளப் போட்டிருப்பீங்க, பாருங்க, கல்யாணத்துக்கு முதல் வேலைக்குச் சேரேக்க அம்மாட பேரப் போட்டிட்டு அம்மா செத்துப் பத்து வருசமா மாத்தாம இருக்கிற ஆக்கள் கனபேர். ஆனா நாமினியால வயல் வீடு கைமாறாது.

எங்க, எப்பிடி எழுதுற? வெள்ளப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்து வச்சாச் செல்லுமா?

சும்மா கையெழுத்துக்குச் செல்லாது. 1840ன் 7ம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி ஒண்டில் நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும், இல்லாட்டி நொத்தாரிசு இல்லாம அஞ்சு சாட்சி, எல்லாரும் ஒரே நேரத்துல முன்னால இருக்கணும். நொத்தாரிசிட்டயே போங்க. சொத்துக் கிடைக்கப்போற ஆளையோ அவர்ட புருசன் பொஞ்சாதியையோ சாட்சி ஆக்காதீங்க, அவங்கட பங்குக்கே ஆபத்து. எழுதின பிறகு கல்யாணம் முடிச்சா, ரெண்டாந்தாரம் எண்டாலும், முந்தின மரணசாதனம் செத்துப் போகும், புதுசா எழுதணும்.

எழுதினத எங்க வச்சிருக்கு எண்டு பொறுப்பாளருக்குத் தெரியணும். அலுமாரியில சேலைக்குக் கீழ வச்சு ஒருத்தருக்கும் சொல்லாம விட்டா வீடு பெயிண்ட் அடிக்கேக்கதான் கிடைக்கும்.

உறுதி சுனாமியோட போச்சு. இப்ப பொறுப்பாளர் என்ன செய்வார்?

அவர் செய்ய முதல் நீங்க செய்யுங்க. கல்லடி, நாவலடி, பாண்டிருப்பு, காரைதீவு எண்டு கரையோரத்துல கனபேருக்கு இந்தப் பிரச்சினை. உறுதிட பிரதி ஒண்டு காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும், நொத்தாரிசிட்டயும் ஒண்டு இருந்திருக்கும். பதிவகத்துல தோம்பு, அதாவது காணிப் பதிவுப் புத்தகம், பார்த்து அத்தாட்சிப் பிரதி எடுத்து வைங்க. உறுதி நம்பர், எழுதின நொத்தாரிசுட பேர், வருசம், இது மூண்டும் உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும், உங்களோட அது போயிட்டா பொறுப்பாளர் இருட்டுக்குள்ள தேடணும்.

பொறுப்பாளருக்குக் காசு குடுக்கணுமா?

எக்சிக்கியூட்டருக்கு அவர் நடத்தின சொத்தப் பொறுத்து கோட் ஒரு அளவு அனுமதிக்கும். டிரஸ்டிக்கு எழுதாட்டிச் சம்பளம் இல்ல, செலவு மட்டும் எடுக்கலாம். நான் சொல்லுறது, இன்ன தொகை எண்டு மரணசாதனத்துலயே எழுதிருங்க. நான் எடுக்கல்ல. எடுத்திருக்கலாம் எண்டு இப்ப நினைக்கிறன், ஓட்டோக் காசே எவ்வளவு போன.

அவர் களவெடுத்தா?

சொத்துல உரிமையுள்ள ஆள் கோட்டுக்குப் போய்க் கணக்குக் கேட்கலாம், நியமனத்த ரத்துச் செய்யக் கேட்கலாம், நட்டத்த அவர்ட சொந்தச் சொத்துல இருந்து அறவிடலாம். டிரஸ்டி தன்ட பொறுப்பில இருக்கிற காணியத் தானே வாங்க ஏலாது. இதெல்லாம் சட்டத்துல இருக்கு, ஆனா வழக்குப் பேசுற காசும் காலமும் உங்கட புள்ளையள்ட.

எழுதினத மாத்தலாமா?

உயிரோட இருக்கும்வரைக்கும் எத்தின தரமும். பொறுப்பாளர் வெளிநாடு போனா, படுக்கையில விழுந்தா, உங்களோட காணிக் கொடுக்கல் வாங்கல் தொடங்கினா, மாத்துங்க.

அவரிட்ட எப்பிடிக் கேட்கிற? சாவப் பத்திக் கதைக்கக் கூச்சமா இரிக்கி.

கேட்காமப் போடாதீங்க, அவர் ஏலாது எண்டு சொல்ல உரிமை இருக்கு, நீங்க செத்த பிறகு அவர் அப்பிடிச் சொன்னா எல்லாம் திரும்ப கோட்டுட கையில.

மாமா என்னட்டக் கேட்டது வயல் வரம்பில வச்சு. மத்தியானச் சோத்த விரிச்சு வச்சிட்டு, "புள்ள, நான் போன பிறகு இதுகளப் பிரிச்சுக் குடுக்கிற வேலைய நீ செய்வியா?" எண்டார். ஏலாது மாமா, உங்கட மகனிட்டச் சொல்லுங்க எண்டன். அவர் ஒண்டும் கதைக்கல்ல, சாப்பிட்டு முடிச்சுக் கையக் கழுவிட்டு, "அவன் எனக்குப் போன் எடுத்தா காலநிலையக் கேட்பான், நீ எடுத்தா கரண்ட் பில் கட்டினயளா எண்டு கேட்பாய்" எண்டார். அடுத்த கிழமை லோயரிட்டப் போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார், கடன் ரெண்டையும் எழுதித் தந்தார். மற்ற நாலையும் ஏன் சொல்லாம விட்டார் எண்டு இண்டைக்கும் எனக்குக் கோவம்.